நிறைந்து திரும்பிய தட்டு

ஜன்னலோரமாக நல்ல மேஜை தருகிறேன் என்று அழைத்துப் போன ஆள், லிண்டலைச் சரியாக அந்த இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தான்.

பழைய பியானோ நின்ற இடம்.

பியானோ இப்போது இல்லை. அதன் சக்கரங்கள் அழுத்திய பள்ளங்கள் மட்டும் தரைப் பலகையில் இருந்தன. அவற்றையும் மெழுகு போட்டுப் பளபளப்பாக்கி, பழமையின் அழகு என்று வாடிக்கையாளர் தலையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். லிண்டல் நாற்காலியைச் சற்று நகர்த்தினாள். கால் அந்தப் பள்ளத்தில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

"குளிருதா?" என்றார் டேரல்.

இல்லை என்று தலையசைத்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

லார்க்கின் பே என்ற அந்த ஆற்றோர ஊரில் 'சப்பர் ரூம்' உணவகம் திறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் அது சர்ச் ஹால். கூட்டம் குறைந்து சர்ச்சை மூடியபோது ஹாலையும் விற்றார்கள். வாங்கியவர்கள் சுவருக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, மேஜைக்கு ஒரு மெழுகுவர்த்தி வைத்து, ஹோபார்ட் நகரத்துக்காரர்கள் பாலம் தாண்டி வந்து சாப்பிடும் இடமாக ஆக்கிவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் பிறந்தநாளுக்கோ கல்யாண நாளுக்கோ வருவார்கள். ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வருவதாகத் தெரியவில்லை.

லிண்டலும் டேரலும் வந்தது கல்யாண நாளுக்கு. மெல்பர்னில் இருக்கும் மகள் டெஸ்ஸா, கேட்காமலே இடம் பதிவு செய்து பணமும் கட்டிவிட்டாள். போகாவிட்டால் அத்தனையும் வீண். டேரல் பர்னி நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது.

லிண்டலுக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. இருந்த ஒரே காரணத்தைக் கணவரிடம்கூட அவள் இதுவரை சொன்னதில்லை. போன வருடம் அவர்கள் இந்த ஊருக்குக் குடிவந்ததிலிருந்து பால் வாங்கப் போனால்கூட இந்தத் தெருவை விட்டு மேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போனாள். உடம்புக்காக நடக்கிறாள் என்று டேரல் நினைத்துக்கொண்டிருந்தார்.

பரிமாற வந்தவன் பெயர் ஆஷர். தாடி, தோல் ஏப்ரன், அரை மண்டியிட்டு மேஜை மட்டத்தில் முகத்தை வைத்துப் பேசும் பழக்கம். டேரல் பட்டியலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார்.

"உருளைக்கிழங்குனு ஒருமையில போட்டிருக்கு. ஒண்ணே ஒண்ணா தம்பி?"

"பகிர்ந்து சாப்பிடுற மாதிரி சார்."

"ஒரு உருளைக்கிழங்கையா?"

ஆஷர் சிரித்தான். சிரிப்பும் விலையில் சேர்த்தி என்பதுபோல அளவாகச் சிரித்தான். டெஸ்ஸா பணம் கட்டியிருப்பது சமையல்காரர் விருப்பப்படி வரிசையாக வரும் விருந்து என்றும், அவர்கள் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றும் விளக்கிவிட்டு எழுந்து போனான்.

ரொட்டி வந்தது. ஆளுக்கு ஒரு துண்டு. வெண்ணெய்க்குப் புகை போட்டிருந்தார்கள். வீடு தீப்பிடித்து அணைத்த மறுநாள் காலை இப்படித்தான் மணக்கும் என்றார் டேரல். லிண்டல் கேட்கவில்லை. அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுவரில்தான் பரிமாறும் ஜன்னல் இருந்தது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே மேலே தூக்கித் திறக்கும் மரப்பலகை. அந்தக் காலத்தில் பெண்கள் அதன் பின்னால் நின்று டீ ஊற்றுவார்கள். இப்போது பலகைக்கும் கறுப்பு வண்ணம் அடித்து, முன்னால் ஒயின் பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தார்கள்.

பலகை ஒரு கையகலம் திறந்திருந்தது. விளிம்பில் இரண்டு கைகள் ஊன்றியிருந்தன. வெறும் கைகள். அதற்கு மேல் இருட்டு.

லிண்டல் கண்ணை மூடித் திறந்தாள். கைகள் அங்கேயே இருந்தன. வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

"என்ன பாக்குற?" என்றார் டேரல்.

"ஒண்ணுமில்ல."

ஆஷர் அடுத்ததைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தான். இதுதான் இந்த இடத்தின் பெருமை என்று ஆரம்பித்தான். இந்த ஹாலில் அந்தக் காலத்துப் பெண்கள் கொண்டுவந்த பலகாரத்துக்குச் சமையல்காரர் செய்யும் மரியாதை. கறிப்பொடி போட்ட முட்டை சாண்ட்விச். ஆனால் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். மேலே கடற்பாசிப் பொடி, பக்கத்தில் புளித்த மோர் நுரை.

"தட்டுகூட அந்தக் காலத்ததுதான்மா. வாங்குறப்போ சமையலறை அலமாரி நிறைய இருந்துச்சு. எங்களுதுன்னு யாரும் வந்து கேக்கல."

பச்சைக் கரை போட்ட தட்டு. கரைக்குள் மெல்லிய பொன் கோடு. ஓரத்தில் ஒரு இடத்தில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. அந்தச் சில்லை லிண்டலுக்குத் தெரியும். கழுவும்போது குழாயில் இடித்தவள் அவள்தான்.

அவள் கை தானாகத் தட்டின் அடியில் போனது. அந்த ஊரில் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட எந்தப் பெண்ணின் கையும் அப்படித்தான் போகும். ஊர்கூடி உண்ணும் சர்ச் சப்பருக்கு, அந்த இரவு விருந்துக்கு, வீட்டுக்கு ஒரு தட்டு பலகாரம் கொண்டுவர வேண்டும். கடைசியில் அவரவர் தட்டு அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர அடியில் பெயர் எழுதுவார்கள். சிலர் பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் எழுதுவார்கள். சிலர் நகப்பூச்சால் எழுதுவார்கள்.

விரல் நுனியில் தடித்த எழுத்துக்கள் தட்டுப்பட்டன. பார்க்கத் தேவையில்லை. டிரிஃபிட். ஐல்சா டிரிஃபிட், அவள் அம்மா.

டேரல் ஒரு சாண்ட்விச்சை எடுத்துக் கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார். குடித்த தண்ணீரோடு சேர்த்து விழுங்கினார்.

"முட்டையக் கடல்ல வேகவெச்சிருக்காங்க," என்றார். மீதிப் பாதியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"வைக்காத," என்றாள் லிண்டல்.

"என்னது?"

"தட்டுல மிச்சம் வைக்காத, டேரல். சாப்பிடு."

அவள் குரல் மாறியிருந்ததைக் கவனித்து அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் சொன்னாள். நாற்பது வருடம் வாயைத் திறக்காத கதையை, ரொட்டித் துணுக்கை விரலால் நசுக்கிக்கொண்டே, யாரோ ஒட்டுக்கேட்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

ஐல்சா கைக்குழந்தையோடு வந்து லார்க்கின் பேயில் வாடகைக்கு இருந்தவள். புருஷன் எங்கே என்று ஊர் கேட்கவில்லை. கேட்காமலே ஆளுக்கொரு பதில் வைத்திருந்தது. அவளுடைய முட்டை சாண்ட்விச் மட்டும் எல்லோருக்கும் பிடிக்கும். சப்பர் மேஜையில் எந்தத் தட்டு முதலில் காலியாகிறது என்று பெண்கள் பரிமாறும் ஜன்னல் வழியாக டீ ஊற்றிக்கொண்டே பார்ப்பார்கள். பார்க்காததுபோலப் பார்ப்பார்கள். ஐல்சாவின் தட்டுதான் முதலில் காலியாகும்.

ஒரு வருடம் வசந்தகாலச் சப்பருக்குப் பிறகு பாதி ஊருக்கு வயிறு கெட்டது. வெர்ன் ஹாட்ஜ் என்ற கிழவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அன்று மேஜையில் கோழி இருந்தது, க்ரீம் கேக் இருந்தது, இறால் இருந்தது. எதனால் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. வாடகைக்கு இருக்கிறவள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது என்று யாரோ சொன்னார்கள். இருந்தது. அதற்குள் பேச்சு தெருத்தெருவாகப் போய்விட்டது.

யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. அடுத்த சப்பரில் ஐல்சாவின் தட்டு வழக்கமான இடத்திலிருந்து மேஜைக் கோடிக்கு, டீ பாய்லர் பக்கம் நகர்ந்திருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. ஐல்சா அதன்மேல் துணியைப் போட்டு மூடி வீட்டுக்கு எடுத்துப் போனாள். அதற்கடுத்த சப்பருக்கும் செய்துகொண்டு போனாள். அப்படியே நிறைந்து திரும்பியது.

"ஏன் திரும்பத் திரும்பப் போனாங்க?" என்றார் டேரல்.

"போகலைன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல."

லிண்டலுக்கு அப்போது பதினாலு வயது. அந்தக் குளிர்காலச் சப்பருக்கு முதல் நாளே அவள் முடிவு பண்ணிவிட்டாள். இந்த முறை தட்டு நிறைந்து திரும்பக் கூடாது. பியானோவுக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருந்தது. கைக்குட்டையில் இரண்டிரண்டாகக் கொண்டுபோய் அங்கே உட்கார்ந்து தின்றாள். பரிமாறும் ஜன்னலில் அம்மாவின் கைகள் தெரிந்தன. ரொட்டிக் கத்தி பட்ட கட்டைவிரலில் பிளாஸ்திரி. தட்டு குறையக் குறைய அம்மாவின் கைகள் விளிம்பை இறுக்கிப் பிடித்ததை அவள் பார்த்தாள். யாரோ சாப்பிடுகிறார்கள் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் என்று எழுந்து வந்தபோது வயிறு தாங்கவில்லை. ஹால் நடுவில், போதகர் காலடியில், தின்ற அத்தனையையும் வாந்தியெடுத்தாள்.

மஞ்சளாக. எல்லோரும் பார்க்க.

அங்கே நின்ற பெண்களில் ஒருத்தியான கோரல் டென்னி தன் மகனைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அது போதும். கோர்ட்டில் தீர்ப்பு வாசித்ததுபோல இருந்தது.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். ஏப்ரனால் மகளின் வாயைத் துடைத்தாள். கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். தட்டை எடுக்கவில்லை. ஆற்றுப் பனி இறங்கிய தெருவில் இரண்டு பேரும் வெறுங்கையோடு நடந்தார்கள். ஏன் அத்தனை சாப்பிட்டாய் என்று அம்மா கேட்கவேயில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. பிறகு என்று அதிக நாளும் இல்லை. குளிர்காலம் முடிவதற்குள் நிமோனியாவில் அம்மா இறந்துபோனாள். லிண்டலைப் பர்னியில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டேரல் தட்டின் ஓரத்தில் வைத்த பாதியை எடுத்து வாயில் போட்டு, முகம் சுளிக்காமல் மென்று விழுங்கினார்.

"இன்னும் அஞ்சு இருக்கு," என்றார்.

ஆஷர் வந்து தட்டை எடுக்கக் கையை நீட்டினான். லிண்டல் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் சாப்பிடுறோம்."

அவன் போனான். மறுபடி வந்தான். இந்த முறை ஒரு கிண்ணத்தில் அந்த ஒற்றை உருளைக்கிழங்கு வந்தது, சாம்பலில் புரட்டி. பிறகு கருகிய கோஸ் துண்டு ஒன்று வந்தது. ஒவ்வொரு முறையும் அவன் கை தட்டின் பக்கம் வந்தது; ஒவ்வொரு முறையும் அவள் பிடியை விடவில்லை. அடுத்த ஐட்டத்துக்கு இடம் வேண்டும் என்று அவன் பணிவாகச் சொன்னான். மேஜையைப் பெரிதாகப் போட்டிருக்கலாமே தம்பி, வாங்குகிற காசுக்கு என்று டேரல் பதில் சொன்னார்.

லிண்டல் ஒரு சாண்ட்விச்சை எடுத்துத் தின்றாள். குளிர்ந்து, உலர்ந்து, உப்புக் கரித்தது. நாக்கில் மோர் நுரையின் புளிப்பு. ஐம்பதைத் தாண்டிய பிறகு அவள் முட்டையே தொடுவதில்லை. அதற்கு முன்னால் மட்டும் தொட்டாளா என்ன? இரண்டாவதை எடுத்தாள். தொண்டையில் நின்றது. தண்ணீரால் தள்ளினாள்.

எதிர்ச்சுவரில் கைகள் விளிம்பை இறுக்கின. பிளாஸ்திரியின் ஓரம் அழுக்காகிப் பிரிந்திருப்பதுகூடத் தெரிந்தது.

"அந்த ஜன்னலுக்குப் பின்னாடி யார் நிக்கறா?" என்று ஆஷரிடம் கேட்டாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். "அது திறக்காதும்மா. பெயின்ட் அடிச்சதுல ஒட்டிப்போச்சு. சமையல்கட்டை நாங்க பின்னால மாத்திட்டோம். அதுக்குப் பின்னாடி கோட்டு மாட்டுற இடம்தான்."

டேரலும் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஒயின் பாட்டில்கள் தெரிந்தன. ஆனால் மனைவியின் முகம் வெளுத்திருந்ததும், மேலுதட்டில் வேர்வை நின்றதும் தெரிந்தது. அவள் மூன்றாவதுக்குக் கை நீட்டியபோது அவர் அந்தக் கையைப் பிடித்தார்.

"போதும், லிண்ட். மறுபடியும் அதையேதான் பண்ற நீ."

அவள் நிமிர்ந்தாள்.

"அன்னிக்கும் நீதான் சாப்பிட்ட. இன்னிக்கும் நீதான் சாப்பிடுற. நீ சாப்பிட்டு என்ன ஆகப்போகுது? வீட்டு ஆள்தானே நீ."

சாதாரணமாகச் சொன்னார். பஸ்ஸில் தவறான பக்கம் போகிறவர்களிடம் சொல்வதுபோல. லிண்டல் தட்டைப் பார்த்தாள். மூன்று மிச்சம் இருந்தன. இன்னொன்று தின்றால் அதே பலகைமேல், அதே போல வாந்தியெடுப்போம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஜன்னலில் இருக்கும் கைகள் அதையும் பார்க்கும்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது. ஹாலின் அந்தக் கோடியில், டீ பாய்லர் இருந்த மூலையில் ஒரு நீள மேஜை. நடுவில் வெள்ளைத் தலையோடு ஒரு கிழவி, தலையில் காகிதக் கிரீடம். பக்கத்தில் வழுக்கை விழுந்த மகன், மருமகள், வளர்ந்த பேரப்பிள்ளைகள். கிழவி தன் தட்டை முள்கரண்டியால் தள்ளிவிட்டு, இதற்கு வீட்டிலேயே டின் சூப் குடித்திருக்கலாம் என்று ஹாலுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோரல் டென்னி. குரல் மட்டும் கிழடாகவில்லை. ஐல்சாவின் தட்டை மேஜைக் கோடிக்கு நகர்த்தியது யார் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. மேஜை அடுக்குவது எப்போதும் கோரலின் வேலை.

லிண்டல் தட்டைக் கையில் எடுத்து எழுந்தாள்.

"எங்க போற?" என்றார் டேரல்.

அவள் கோரலின் மேஜையை நோக்கி நடந்தாள். ஹால் நடுவைக் கடக்கும்போது கால் கூசியது. மெழுகுவர்த்திச் சுடர்கள் அவள் தாண்டத் தாண்டச் சாய்ந்து நிமிர்ந்தன. பக்கவாட்டில் பரிமாறும் ஜன்னல் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மிசஸ் டென்னி, பிறந்தநாள் வாழ்த்து. இதுல ஒண்ணு எடுத்துக்கோங்க."

கிழவி கண்ணாடி வழியாக ஏறிட்டுப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை. மகன் பாதி எழுந்து, அம்மாவுக்கு முட்டை ஒத்துக்காது, தப்பா நினைக்காதீங்க என்றான். அவன் பெயர் கிரான்ட். பள்ளியில் லிண்டலின் வகுப்பு. அவனுக்கும் அவளைத் தெரியவில்லை.

"எனக்கு முட்டை ஒத்துக்காதுன்னு யாருடா சொன்னது?" என்றாள் கோரல். யார் தட்டை நீட்டினாலும் வாங்கிப் பார்க்கிற பழக்கத்தில் கையை நீட்டினாள். ஒரு கை விளிம்பைப் பிடித்தது. மறுகை அடியில் போனது.

அங்கேயே நின்றது.

விரல்கள் ஒவ்வொரு எழுத்தாக நகர்வது லிண்டலுக்குத் தெரிந்தது. கிழவியின் தலையில் காகிதக் கிரீடம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

"நீ அந்தப் பொண்ணு," என்றாள்.

"ஆமா."

"வாந்தியெடுத்தியே."

"எடுத்தேன். அன்னிக்குத் தட்டுல இருந்ததை முக்கால்வாசி நான்தான் தின்னேன். பியானோ பின்னாடி ஒளிஞ்சு. அம்மா தட்டு நிறைஞ்சு திரும்பக் கூடாதுன்னு. அளவுக்கு மீறித் தின்னா யாருக்கும் வரும், மிசஸ் டென்னி. அதுல வேற எதுவும் இல்ல."

மருமகள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். கிரான்ட் அவள் கையைத் தொட்டு நிறுத்தினான். அவனுக்கு இப்போது நினைவு வந்துவிட்டது. தோளைப் பிடித்து இழுத்த கை நினைவு வந்ததோ என்னவோ, தன் தோளைத் தொட்டுக்கொண்டான்.

கோரல் தட்டைத் திருப்பித் தந்திருக்கலாம். எண்பதைத் தாண்டியவளை யார் என்ன சொல்லப் போகிறார்கள்? லிண்டல் கையை நீட்டித் தயாராகத்தான் நின்றாள்.

கிழவி ஒரு சாண்ட்விச்சை எடுத்தாள். கடித்தாள். மெதுவாக, ஒரு பக்கப் பல்லால், நீண்ட நேரம் மென்றாள்.

"வறண்டு கிடக்கு," என்றாள். "உங்கம்மா ரொட்டி ஓரம் வரைக்கும் வெண்ணெய் தடவுவா. ஒரு இடம் விடமாட்டா. முட்டையிலயும் கொஞ்சம் ஆப்பிள் துருவிப் போடுவா. யார்கிட்டயும் சொல்லமாட்டா, ஆனா போடுவா."

"நீங்க எப்ப சாப்பிட்டீங்க?"

"எப்பவும்தான்."

லிண்டல் குனிந்து, அவள் காதருகே கேட்டாள். "வெர்ன் ஹாட்ஜ் செத்தாரே, அந்தச் சப்பர்லயும் சாப்பிட்டீங்களா?"

கோரலின் தாடை நின்றது. பிறகு மறுபடி அசைந்தது.

"நாலு. எனக்கு எதுவும் ஆகல."

"யார்கிட்டயும் சொல்லலியே."

"யாரும் கேக்கல."

அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது கிழவியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கண் மட்டும் லிண்டலின் தோளைத் தாண்டி, எதிர்ச்சுவரில், ஒயின் பாட்டில்கள் இருந்த இடத்துக்குப் போய் நின்றது. நின்ற கண் மீளவில்லை. வாயில் இருந்ததை விழுங்கினாள். இரண்டாவது சாண்ட்விச்சை எடுத்தாள்.

"அம்மா, போதும்," என்றான் கிரான்ட்.

"நீயும் எடு," என்றாள் கோரல், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "எடுடா. பாத்துக்கிட்டு இருக்கா."

யார் என்று மகன் கேட்கவில்லை. கடைசி ஒன்றை எடுத்துத் தின்றான். தாயும் மகனும் மென்று விழுங்கும் சத்தம் தவிர அந்த மேஜையில் வேறு சத்தமில்லை.

தட்டு காலியானது. லிண்டல் அதை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள். அங்கே கை கழுவும் தொட்டிக்குப் பதிலாகக் கருங்கல் கிண்ணம் வைத்திருந்தார்கள். சுடுதண்ணீரில் தட்டை இரு பக்கமும் கழுவினாள். அடிப்பக்கத்தில் சிவப்பு எழுத்துக்கள் வெளிறியிருந்தாலும் ஒன்றும் உதிரவில்லை. கோட்டு ஓரத்தால் துடைத்தாள். சப்பர் முடிந்ததும் ஒவ்வொருத்தியும் தன் தட்டைத் தானே கழுவித் துடைத்து எடுத்துப் போவதுதான் வழக்கம். அம்மா ஒரே ஒரு நாள்தான் அதைச் செய்யவில்லை.

அவள் தட்டோடு வாசலுக்கு வந்ததும் ஆஷர் குறுக்கே வந்தான். இன்னும் இனிப்பு வரவேண்டியிருக்கிறது என்றான். அப்புறம் அந்தத் தட்டைப் பார்த்தான். அது ரெஸ்டாரன்ட் சொத்து, வெளியே கொண்டுபோக முடியாது, வேண்டுமானால் முதலாளியிடம் பேசி விலை கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

டேரல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மூலையிலிருந்து அந்தக் குரல் வந்தது. மேஜை அடுக்கிய குரல். ஹால் முழுக்கக் கேட்டது.

"அது டிரிஃபிட் வீட்டுத் தட்டு, தம்பி. அடியில பேர் இருக்கு. கொடுத்து அனுப்பு."

ஆஷர் நகர்ந்துகொண்டான்.

வாசல் தாண்டும்போது லிண்டல் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பரிமாறும் ஜன்னல் மூடியிருந்தது. பலகைக்கும் விளிம்புக்கும் நடுவே வண்ணம் இறுகி ஒரே பாளமாக இருந்தது. விளிம்பில் யாரும் இல்லை. மூலையில் கோரல் மட்டும் இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளைகள் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றியதைக்கூட அவள் பார்க்கவில்லை.

வெளியே ஆற்றிலிருந்து பனி ஏறிவந்து தெருவிளக்குகளைத் தின்றுகொண்டிருந்தது. டேரல் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். இவ்வளவு காசுக்கு ஒரு உருளைக்கிழங்கு, அதுவும் பாதி, போகிற வழியில் மீன் வறுவல் கடை திறந்திருந்தால் ஒரு பொட்டலம் வாங்கலாம் என்றார். லிண்டல் சரி என்றாள். இனி மேட்டைச் சுற்ற வேண்டாம், இந்தத் தெரு வழியாகவே போய்விடலாம் என்றாள். அந்தத் தெருவில்தான் அன்றைக்கு வெறுங்கையோடு நடந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் டேரல் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"லிண்ட், தட்டை ரெண்டு கையாலயும் பிடி. ஒரு ஓரத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு நடக்குற. விழுந்துடப் போகுது."

அவள் திரும்பவில்லை. இடது ஓரத்தை மட்டும் விரல்களால் லேசாகப் பிடித்தபடி பனிக்குள் நடந்துகொண்டிருந்தாள். தட்டு சாயவில்லை. மறுபக்கமும், இன்னொரு கை ஏந்தியதுபோல, அதே மட்டத்தில், அவள் நடைக்குச் சரியாக, கூடவே வந்துகொண்டிருந்தது.